பல்லில் படாத தண்ணீர்

ஜனவரி 3, வெள்ளி

உரக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்தார். போன வருஷ டைரியில் பால் கணக்கைத் தவிர ஒன்றும் இல்லை. அதுவும் மார்ச்சோடு நின்றுவிட்டது, மாடு பால் கறப்பதை நிறுத்திவிட்டதால். இந்த வருஷம் அப்படி இல்லை. எழுத விஷயம் இருக்கிறது. தனபாக்கியம் ஆகிய நான், மூங்கில்பள்ளம் குடிநீர்க் குழுவின் செயலாளர்.

என் திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுத ஆசைதான். கூட்டத்துக்கு நான் போகவில்லை, பழம் பறிக்க ஆள் வந்திருந்தார்கள். வந்தவர்களைப் பொறுப்புக்குப் போட்டால் எழுந்து நின்று மறுத்துவிடுவார்கள் என்பதால், எங்கள் ஊரில் வராதவர்களைத்தான் போடுவது வழக்கம். தலைவராக முத்துக்கருப்பண்ணனைப் போட்டிருக்கிறார்கள். அவர் அன்று பல் பிடுங்கப் பண்ணைக்காடு போயிருந்தார்.

விஷயம் இதுதான். காப்பி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பணம் தருகிறதாம். அதை வைத்து ஒரு தொண்டு நிறுவனம் காப்பி விளைகிற மலையூர்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருகிறதாம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ காப்பி இருக்கிறது. குடிப்பதற்கு ஓடையிலிருந்து தொட்டிக்கு ஏற்றுகிற தண்ணீர். மழைக்காலத்தில் அது மண் நிறம், காப்பிப் பருவத்தில் வேறு ஒரு நிறம். எந்த நிறம் என்று சொன்னால் சாப்பாடு இறங்காது.

போகாத கூட்டத்தில் கொடுத்த பொறுப்பைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. மகள் சுகப்பிரியா ஐந்து மாசம். வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். போன வருஷம் தலைப்பொங்கலுக்கு வந்தவள் இந்தத் தண்ணீரைக் குடித்து மஞ்சள் காமாலையோடு திரும்பினாள். இப்போது வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது வந்தால் தாங்காது என்று அங்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். தண்ணீர் சரியானால்தான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு. இல்லாவிட்டால் அவள் மாமியார் வீட்டிலேயே.

ஆகவே செயலாளர்.

ஜனவரி 8, புதன்

தொண்டு நிறுவனத்திலிருந்து பொறியாளர் ரெபெக்கா வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு பெட்டி நிறையக் காலி பாட்டில்கள். ஓடையில் இறங்கி இடத்துக்கு ஒரு பாட்டிலாகப் பிடித்துக்கொண்டே மேலே போனார். பின்னால் நானும் தலைவரும். தலைவருக்கு இன்னும் கன்னம் வீங்கியிருந்தது, பேசவில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது இன்றுதான்.

வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். ரெபெக்கா பாதி டம்ளர் குடித்துவிட்டு, "நான் காப்பி ரொம்பக் குடிக்கிறதில்லைங்க" என்றார். காப்பிக் கம்பெனி காசில் சம்பளம் வாங்குகிறவர்!

எங்கள் வீட்டுக் காப்பியைப் பற்றி ஒரு விளக்கம். நல்ல கொட்டை எல்லாம் வியாபாரிக்குப் போய்விடும். தொட்டியில் ஊறப்போட்டதும் மேலே மிதக்கும் நொள்ளைக் கொட்டை வீட்டுக்கு. மலை முழுக்க இதுதான் வழக்கம். நான் அதைச் சட்டியில் நன்றாகக் கறுக்க வறுத்து, கொஞ்சம் கூடவே கறுக்க வறுத்து, இடித்து வைப்பேன். இது என் கைப்பக்குவம். யாரும் இதுவரை மோசம் என்று சொன்னதில்லை. ஒரே ஒருத்தரைத் தவிர. அவரைப் பற்றி இந்த டைரியில் எழுதப்போவதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது கிழக்கே. இவர் (என் வீட்டுக்காரர் ராஜாங்கம்) நல்ல நாளிலும் சாயங்கால நடையை விடவில்லை. சுகர் இருப்பதால் டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஊரில் கீழ்நோக்கி நல்ல தார்ரோடு இருக்க, இவர் மேல்காட்டுப் பக்கம் ஏறித்தான் நடப்பார். ஏற்றம் உடம்புக்கு நல்லதாம். திரும்பி வரும்போது பையில் பட்டர் புரூட் இருந்தது. எங்கள் காட்டில் பட்டர் புரூட் மரம் கிடையாது.

"ஏது இது?"

"வழியில கிடந்துச்சு."

வழியில் கிடந்த பழங்களை வாழை நாரில் கட்டியும் வைத்திருந்தார்கள் போல.

ஜனவரி 16, வியாழன்

சம்பந்தியம்மா காரில் வந்தார், மகளைக் கூட்டி வராமல் மகளின் போட்டோவோடு. காரிலிருந்து முதலில் இறங்கியது கேன் தண்ணீர். பெரிய கேன். இரண்டாவதுதான் சம்பந்தியம்மா. தாம்பூலத் தட்டைக்கூட அந்தக் கேனுக்குப் பின்னால்தான் எடுத்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. எனக்கு வெளித் தண்ணி ஒத்துக்காது."

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு?" என்றேன். தப்பாகவே நினைத்தேன்.

வளைகாப்பை மார்ச் ஒன்பதுக்குக் குறித்தாயிற்று. எங்கள் வீட்டில். வளை அடுக்கிவிட்டு அப்படியே மகள் பிரசவம் வரை இங்கே இருப்பது முறை. "முறைதான். ஆனா அதுக்குள்ள உங்க தண்ணி சரியாகி, அந்தப் பரிசோதனையில பாஸ் ஆகணும். இல்லன்னா மண்டபத்துல வளை போட்டு நாங்களே கூட்டிட்டுப் போயிடுறோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பதிலுக்குச் சண்டை போடலாம். நியாயமாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது?

மீதித் தண்ணீரை விட்டுவிட்டுப் போனார். செடிக்கு ஊற்றலாமா என்று யோசித்தேன். குடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 22, புதன்

பாட்டில்களின் ரிசல்ட் வந்துவிட்டது. ரெபெக்கா எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சொன்னார். ஓடையின் தலையில் தண்ணீர் சுத்தம். கீழே வர வர அழுக்கு. காரணம் நாங்களேதான். பழுத்த காப்பியின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினை எல்லாரும் ஓடைக்கரையில் வைத்திருக்கிறோம், கழுவ வசதியாக. தோலும் கொழகொழப்புத் தண்ணீரும் நேராக ஓடைக்குப் போகிறது. அங்கே அழுகிப் புளிக்கிறது. போதாததற்கு மாடும் மனிதரும் காலைக்கடன் முடிக்கிற இடம் வேறு.

ஊரில் ஒவ்வொருவருக்கும், தனக்கு மேலே இருக்கிறவன் தண்ணீரைக் கெடுக்கிறான் என்று தெரியும். தனக்குக் கீழேயும் ஒருவன் இருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் மலையில் பிறந்தவர்கள்.

ரெபெக்கா ஒரு பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்க. பழத்தோல் வாடை அடிக்குது பாருங்க."

அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பயந்துவிட்டார்.

"அப்ப இந்தத் தண்ணியில காப்பி போட்டா?" என்று கேட்டேன்.

"காப்பியிலயும் அடிக்கும்."

"காப்பித்தூள் மேல தப்பில்லதானே?"

"தூள் என்னங்க பண்ணும்?"

பன்னிரண்டு வருஷமாக என் தலையில் இருந்த பழி இறங்கியது. ரெபெக்காவுக்கு இன்னொரு காப்பி கொடுத்தேன். வேண்டாம் என்றுதான் சொன்னார்.

எல்லா பாட்டிலிலும் மோசமானது, தொட்டிக்குச் சற்று மேலே இருக்கிற ஒரு பல்பருக்குக் கீழே எடுத்ததாம். அந்த பல்பர் யாருடையது என்ற விவரம் இந்த டைரிக்கு அவசியமில்லை.

ஜனவரி 23, வியாழன்

காலையில் எழுந்து பார்த்தால் இவர் நம் பல்பருக்குப் பக்கத்தில் பெரிய குழி தோண்டிக்கொண்டிருந்தார், தோலைக் கொட்டி மக்கவைக்க. கடப்பாரை எடுத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், மிட்டாய், கிராம சபை. ரெபெக்கா எழுந்து, ஓடையை இனி நம்ப வேண்டாம், வேறு வழி இருக்கிறது என்றார்.

"மேல்காட்டுல ஒரு பாறைக்கு அடியில ஊற்று இருக்கு. கோடையிலயும் வத்தாதாம். அங்கருந்து பைப் போட்டா மோட்டாரே வேண்டாம். தண்ணி தானா இறங்கி வரும். இங்க ஒரு மணல் வடிகட்டி கட்டிட்டா போதும். நிலம் யாரோ குருவம்மாள்னு ஒருத்தங்களோடதாம். யாருக்காவது அவங்களைத் தெரியுமா?"

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. மிட்டாயை வாயில் போட்ட குழந்தைகள் உட்பட.

தலைவருக்கு இன்றைக்குப் பார்த்துக் கன்னம் வடிந்திருந்தது. "நம்ம தனபாக்கியத்தோட நாத்தனாருதாம்மா. இது போய்க் கேட்டா முடிஞ்சது" என்றார்.

எழுதப்போவதில்லை என்றேன். எழுத வேண்டியிருக்கிறது.

குருவம்மாள் இவருடைய அக்கா. எனக்கு மதினி. மதினிக்குப் புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். மேல்காட்டில் நாயும் அவருமாகக் காப்பி பார்த்துக்கொண்டு இருக்கிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், சுகா பெரியவளான சடங்குக்கு, அத்தை முறைக்குத் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டு வந்தார். காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரை அப்படியே கீழே வைத்தார். என் பக்கத்துச் சொந்தம், அவர் பக்கத்துச் சொந்தம், போட்டோ எடுப்பவர், எல்லாரும் இருக்கும்போது, "என்ன தனம், காப்பி கழுநீர் மாதிரி இருக்கு? பழத்தோல் நாத்தம் வேற அடிக்குது" என்றார்.

நானும் சும்மா இருக்கவில்லை. "என் வீட்டுக் காப்பி கழுநீர்னா, உங்க வீட்டுப் பச்சத் தண்ணி இனி என் பல்லுல படாது" என்றேன். எங்கள் பக்கம் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. நல்லது கெட்டது இரண்டுக்கும் போவதில்லை. சுகா கல்யாணத்துக்கு மதினி வரவில்லை. அத்தை உட்கார வேண்டிய இடத்தில் மூன்றாவது வீட்டுப் பெண்ணை உட்காரவைத்தோம். போட்டோவில் அந்தப் பெண் எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 28, செவ்வாய்

எனக்குப் பதிலாகத் தலைவரையே மேலே அனுப்பினேன். போய்விட்டு வந்தார். மதினி சொல்லிவிட்ட பதில்:

"ஊத்தை ஊருக்கு எழுதிக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சிராது. ஆனா செயலாளர் வந்து கேக்கட்டும். வந்து எங்க வீட்டுல ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அப்புறம் கேக்கட்டும்."

"கேட்டியாம்மா?" என்றார் தலைவர். "எனக்கு நல்ல காப்பி குடுத்துச்சு. ஏலக்காய் போட்டு."

ஏலக்காய். இவர் சாயங்கால நடை முடிந்து வரும்போது மூச்சில் அடிக்கிற அதே வாசனை. காட்டில் எங்கே பார்த்தாலும் ஏலக்காய்தான், நடக்கிறவர் மேல் ஒட்டிக்கொள்ளும் போல.

ஜனவரி 30, வியாழன்

போனேன். ஊருக்காக. கையில் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். பெரிய ஏற்றம். பாதி வழியில் என் உடம்பு என்னிடம் சில கேள்விகள் கேட்டது, பதில் சொல்ல மூச்சு இல்லை.

நாய் குரைத்தது. மதினி வாசலில் காப்பி காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

"வா தனம்."

"வந்தேன் மதினி."

பன்னிரண்டு வருஷத்துப் பேச்சு இவ்வளவுதான். பிறகு அவர் கண் பாட்டில் மேல் விழுந்தது.

"ஏறி வந்தது இளைக்குது பாரு. தண்ணி தரட்டா?"

"கையில இருக்கு மதினி."

"அது ஓடைத் தண்ணியில்ல?"

"காய்ச்சினது."

"காய்ச்சினா வாடை போயிருமாக்கும்?"

வந்த கோபத்தில் ஊற்றாவது ஒன்றாவது. திரும்பி இறங்கிவிட்டேன். நாய் மட்டும் மரியாதையாக எல்லை வரை வந்து வழியனுப்பியது.

கொடியில் நீலக் கட்டம் போட்ட துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தீபாவளிக்கு இவருக்கு நான் எடுத்த துண்டு மாதிரியே. ஒரே மாதிரி ஆயிரம் துண்டு நெய்கிறார்கள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சுகா போன் பண்ணினாள். மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம். வேளாவேளைக்கு மாதுளம்பழம். ஏசி ரூம்.

"அப்புறம் என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா. உன் பக்கத்துல படுத்துக்கணும் போல இருக்கு."

"பக்கத்துல படுத்தா நான் குறட்டை விடுறேன்னு சொல்லுவ."

"அந்தக் குறட்டை இல்லாம தூக்கம் வர மாட்டேங்குதும்மா."

இன்று வேறு விசேஷம் இல்லை. குழம்புக்கு வெங்காயம் நறுக்கினேன். நிறைய வெங்காயம்.

பிப்ரவரி 5, புதன்

நேற்றைய குழம்பே இருக்கிறது. வெங்காயம்தான் அதிகம் என்கிறார் இவர்.

பிப்ரவரி 7, வெள்ளி

சம்பந்தியம்மா மண்டபம் விசாரித்துவிட்டாராம். ரெபெக்காவும் வந்து கையைப் பிசைந்தார். இந்த மாசம் முதல் பாதிக்குள் இடம் கிடைக்காவிட்டால் பைப்பெல்லாம் அடுத்த ஊருக்குப் போய்விடும், அங்கே ஏற்கனவே கேட்கிறார்கள் என்றார்.

"உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதோ பெரிய பிரச்சினைன்னு சொன்னாங்க. நிலத்தகராறா?"

"ஆமா" என்றேன். ஒரு டம்ளர் காப்பி என்று ஒரு பொறியாளரிடம் எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் கிளம்பினேன். பாட்டில் எடுக்கவில்லை. இவர் வாசலில் நின்று, "எங்க?" என்றார்.

"நடக்கப் போறேன். ஏத்தம் உடம்புக்கு நல்லதாம்."

இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். வார்த்தை மாறாமலும் இருக்க வேண்டும், ஊற்றும் கிடைக்க வேண்டும். போனதும் சொன்னேன்:

"மதினி, நான் ஊத்துலயே குனிஞ்சு ஒரு வாய் குடிச்சிக்கிறேன். ஊத்து கடவுள் குடுத்தது. உங்க வீட்டுத் தண்ணி ஆகாது."

"கடவுள்தான் குடுத்தாரு. பட்டா எம் பேர்ல இருக்கு" என்றார். உள்ளே போனார். செம்பு நிறையத் தண்ணீரோடு வந்தார்.

அடுக்களைச் சுவரில் டம்ளர்கள் மாட்டியிருந்தது கதவு வழியே தெரிந்தது. மதினிக்கு ஒன்று. தனியாக ஒரு பெரிய டம்ளர். அதில் 'ரா' என்று பெயர் வெட்டியிருந்தது. என் கல்யாணச் சீரில் வந்த டம்ளர். ஆறு மாசமாகக் காணோம் என்று வேலைக்கு வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

செம்பை வாங்கினேன். அப்போதுதான் வழி தெரிந்தது. நான் சொன்னது பல்லில் படாது என்றுதானே? அண்ணாந்து வாயைப் பெரிதாகத் திறந்து நேராகத் தொண்டைக்கு ஊற்றினால்? பல்லுக்கு வேலையே இல்லை. ஊற்றினேன். இந்த வயதில் எனக்கு இவ்வளவு மூளை எதற்கு?

புரை ஏறிவிட்டது. சாதாரணப் புரை இல்லை. கண் பிதுங்கி, மூக்கு வழியாக வந்து, புடவை நனைந்து, காயப்போட்ட காப்பியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாய் ஓடிப் போய்த் தூர நின்று பார்த்தது. மதினி என் தலையில் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"யாரோ நெனைக்கிறாங்க."

"யாரு... நெனைக்கப் போறா..." என்றேன் இருமலுக்கு நடுவே.

"அதானே. உன்னை நெனைக்கிற ஆளு நான் ஒருத்திதான். நான் இங்கன நிக்கிறேன்."

எனக்கு இருமல் நின்ற பிறகும் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. புரை ஏறினால் அப்படித்தான்.

"எம் மருமக எப்ப வர்றா?" என்று கேட்டார்.

"தண்ணி வந்தாத்தான் மதினி வருவா."

"அப்ப பேப்பரைக் குடு. எங்க கையெழுத்துப் போடணும்?"

பேப்பர் எடுத்துவர மறந்துவிட்டேன். அதற்காக நாளை மறுபடி ஏற வேண்டும்.

தண்ணீர் பல்லில் பட்டதா? மூக்கில் வந்தது. பல்லைத் தொடாமல் மூக்குக்கு எப்படிப் போகும் என்று தெரியவில்லை. ஜில்லென்று இருந்தது, ஒரு வாடையும் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம், "டம்ளர் கிடைச்சிருச்சு" என்றேன். எந்த டம்ளர் என்று கேட்கவில்லை. வேலைக்கு வரும் பெண்ணுக்கு அரை டஜன் ஆரஞ்சு கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பைப் வேலை. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும் என்று செயலாளர் உத்தரவு போட்டேன். கறுப்புக் குழாயைச் சுருள் சுருளாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். குழி வெட்ட ஆள் நிறைய, எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்ல அதைவிட நிறைய. தலைவர் நிழலில் உட்கார்ந்து மொத்த மலைக்கும் யோசனை சொன்னார்.

பல்பர் வைத்திருக்கிற எல்லாரும் தோல் குழி தோண்ட வேண்டும் என்றும் சொன்னேன். "முதல்ல உங்க வீட்டுல தோண்டுங்க" என்று ஒருத்தன் குரல் விட்டான். "எங்க வீட்டுல தோண்டி மூணு வாரம் ஆச்சு, வந்து பாரு" என்றேன். செயலாளராக இருப்பதில் இப்படி ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காட்டெருமை குழாயை மிதித்துவிட்டது. ஒரு தடவை இல்லை, போகும்போதும் வரும்போதும். பள்ளத்துக்கு மேலே போகிற இடத்தில் குழாய் சப்பையாகக் கிடக்கிறது. ரெபெக்கா வேறு பாதை போட வேண்டும் என்கிறார். அதற்கு ஒரு வாரம். வளைகாப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லை. காட்டெருமைக்கு என் மேல் என்ன கோபம்?

மதினி ஒரு வழி சொன்னார். அவர் காப்பிக் காட்டு வேலியை ஒட்டி, பாறை இடுக்கு வழியாகக் கொண்டுபோகச் சொன்னார், அங்கே எருமை இறங்காதாம். நடுவே நல்லா காய்க்கிற நாலு காப்பிச் செடி இருந்தது. அவரே வெட்டிப் போட்டார். வெட்டிவிட்டு என்னைப் பார்க்காமல், "வயசான செடிதான்" என்றார்.

வயசான செடி இல்லை. எனக்குக் காப்பிச் செடி தெரியாதா?

மார்ச் 4, செவ்வாய்

வந்தது.

முதலில் காற்று. குழாய் தும்மியது, இருமியது, தலைவர் மாதிரி கனைத்தது. அப்புறம் சேறு. அப்புறம் ஒரு தவளை. அப்புறம் தண்ணீர். ஊரே குடத்தோடு நின்றது, ஆனால் யாரும் பிடிக்கவில்லை. கண்ணாடி மாதிரி விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் ஒரு குழந்தை போய்த் தலையைக் கொடுத்தது.

ரெபெக்கா பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். தலைவர் முத்துக்கருப்பண்ணன் பேசினார். தன் விடாமுயற்சியால் என்றார்.

மார்ச் 7, வெள்ளி

பாஸ். சம்பந்தியம்மாவிடம் ரெபெக்காவையே போனில் பேசச் சொன்னேன். அரை மணி நேரம் குறுக்கு விசாரணை. கடைசியில், "சரி, மண்டபத்தை வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றாராம்.

சுகாவின் கட்டிலைத் துடைத்துப் போட்டேன். இவர் இரண்டு தடவை வந்து, கட்டில் ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். ஆடாத கட்டில் இப்போது ஆடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

வளைகாப்பு. சுகா வந்துவிட்டாள். வயிறு முதலில் வந்தது, அவள் பின்னால் வந்தாள். காரில் கேன் இருந்தது, ஆனால் இறக்கவில்லை. சம்பந்தியம்மா குழாயடியில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கையில் பிடித்து ஒரு வாய் குடித்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார். ஜன்னலில் நான் இருந்தேன்.

மதினி கீழே இறங்கி வந்தார். பட்டுப்புடவை, இரண்டு கை நிறைய வளையல், பின்னால் நாய். வாசல்படியில் ஒரு நொடி நின்றார். "வாங்க மதினி" என்று நான் சொல்வதற்குள் சுகா, "அத்தை!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடாதே என்று நாலு பேர் கத்தினோம். முதல் வளையலை அத்தை போட்டார். போட்டுவிட்டு மருமகள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார், அடுத்த ஆட்கள் வளையலோடு வரிசையில் நிற்பதையும் பார்க்காமல்.

பிறகு காப்பி.

இதற்காகத்தான் பன்னிரண்டு வருஷம். புது ஊற்றுத் தண்ணீர், என் கையால் கறுக்க வறுத்த தூள், நம் மாடு மறுபடி கறக்கத் தொடங்கிய பால். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு மதினிக்குக் கடைசியாகக் கொடுத்தேன். அன்று நடந்த அதே கூடம். ஏறக்குறைய அதே சொந்தங்கள், கொஞ்சம் குண்டாக. இவர் காரணமே இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன். இன்று இந்தக் காப்பியில் குறை சொல்ல எதுவும் இல்லை. தண்ணீர் பாஸ்.

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

"தண்ணி தேனா இருக்கு தனம்" என்றார்.

நான் சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்தேன்.

"காப்பிதான் அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு."

சுகாவின் வளையல்கூடக் குலுங்கவில்லை. ரெபெக்கா தன் பாதி டம்ளரைப் புடவைத் தலைப்பால் மறைத்தார். அப்போதுதான் பார்த்தேன், கூடத்தில் எல்லார் முன்னாலும் குடிக்காமல் மீதி வைத்த பாதி டம்ளர். சம்பந்தியம்மாவுடையது முக்கால்.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "என் வீட்டுக் காப்பி நல்லா இல்லன்னா, இனி உங்க வீட்டுப் பச்சத் தண்ணி..." வந்து, அங்கேயே நின்றது. அவர் வீட்டுப் பச்சைத் தண்ணீர்தான் என் வீட்டுக் குழாயில் வருகிறது. சமையலுக்கு, குளிக்க, மகள் குடிக்க, நாளைக்குப் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்ட. எதை வைத்துச் சபதம் போடுவது?

மதினி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அடிவரை குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் குடித்தார். குடித்துவிட்டு என் முன்னால் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து. இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கேன்ல."

குழாயைத் திறந்து அடுத்த காப்பிக்குத் தண்ணீர் பிடித்தேன்.